பிஞ்சு மூளையைக் காக்க 7 குறிப்புகள்

காஞ்சிபுரத்தில் தறியும் தொட்டிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகள் பல. அங்கே சாயத்திலும் தூசியிலும் காரீயம் இருக்கக்கூடும். மூளை வளரும் வயதில் காரீயமும் புகையும் குழந்தையின் கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கும். காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் அதை 4 முதல் 5 மடங்கு கூடுதலாக உறிஞ்சக்கூடும்.

* சாயம் காய்ச்சும் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். சாயத்தூளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மூடி வையுங்கள்.

* சாயவேலை முடிந்ததும் சோப்பால் கைகழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

* தறிக்கூடத்தை ஈரத்துணியால் துடையுங்கள்; பெருக்கினால் தூசி பறக்கும்.

* வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். அப்போது குழந்தையும் கர்ப்பிணியும் அங்கே இருக்க வேண்டாம்.

* ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனதா என்று உறுதிசெய்து வாங்குங்கள். காரீயம் கலந்திருந்தால் புளிப்பில் கரையும்.

* தரமற்ற குங்குமத்தில் காரீயம் இருக்கலாம். நெற்றியில் இட்ட விரலைக் குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள்.

* ஜரிகைக் கழிவு, பிளாஸ்டிக், குப்பை எதையும் வாசலில் கொளுத்தாதீர்கள்.

வெறும் வயிற்றில் காரீயம் அதிகம் ஏறும். வேளாவேளைக்கு உணவு கொடுங்கள்; இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள கேழ்வரகு, முருங்கைக்கீரை அதில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ரத்தக் காரீயப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.