வெட்ட வெட்டத் துளிர்க்கும் செல்: பிள்ளைகளோடு நாமும் படிப்போம்



நம் குழுக்களில் பலருடைய பிள்ளைகள் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிறார்கள். "ஸ்டெம் செல்னா என்னம்மா?" என்று பிள்ளை கேட்டால், "எனக்கென்ன தெரியும், டீச்சரைக் கேளு" என்று சொல்லி விடுகிறோம். இனி அப்படிச் சொல்ல வேண்டாம். இந்தப் பாடத்தில் நம் பிள்ளையின் கண்ணும் இருக்கிறது, நம் சேமிப்புப் பணமும் இருக்கிறது.

ஸ்டெம் செல் என்றால் என்ன?

தார் வெட்டிய வாழையை அடியோடு வெட்டிப் போடுகிறோம். ஆனாலும் கிழங்கிலிருந்து பக்கக்கன்று வருகிறது அல்லவா? நம் உடம்பிலும் அப்படித்தான். ரத்தத்தில் உள்ள சிவப்பணு சுமார் 120 நாள்தான் உயிரோடு இருக்கும். ஆனாலும் ரத்தம் தீர்ந்து போவதில்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ஒரு நொடிக்கு சுமார் 20 லட்சம் புது சிவப்பணுக்களை உண்டாக்குகின்றன. தமிழில் இதைக் குருத்தணு என்பார்கள். தோல், குடல், கண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குருத்தணு உண்டு. இவற்றை வைத்துப் பழுதான இடத்தை மறுபடி வளரச் செய்வதுதான் மீளுருவாக்க மருத்துவம்.

நம் பக்கத்திலேயே நடக்கிறது

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. தலசீமியா, ரத்தப் புற்றுநோய் வந்த பலர் இதனால் பிழைத்திருக்கிறார்கள். கூடப் பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேரின் ரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, குறையைச் சரிசெய்து, திரும்பவும் அவர்களுக்கே செலுத்திய ஆராய்ச்சியையும் இதே மருத்துவமனை செய்தது. கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியானது.

கண்ணில் சுண்ணாம்பு பட்டால்

வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டால், கருவிழி ஓரத்தில் இருக்கும் குருத்தணுக்கள் வெந்து விடும். பிறகு கருவிழிமேல் வெள்ளையாகப் படர்ந்து பார்வை போகும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2012ல் ஒரு எளிய முறையை வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து எள்ளளவு திசுவை எடுத்து, துண்டு துண்டாக்கி, கெட்டுப்போன கண்ணில் வைத்து வளர்க்கிறார்கள்.

ஆனால் வருமுன் காப்பதே மேல். சுண்ணாம்பு பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விடாதீர்கள். கழுவிய கையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஏமாந்து விடாதீர்கள்

பிரசவ நேரத்தில் "தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள், பிள்ளைக்குப் பின்னாடி உதவும்" என்று பணம் கேட்பவர்கள் உண்டு. பிள்ளையின் சொந்த உபயோகத்துக்கென்று அதைச் சேமிக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. பரம்பரை நோய் என்றால் அந்த ரத்தத்திலும் அதே குறை இருக்குமே! இதற்காக உள்கடன் வாங்க வேண்டாம்.

மூட்டுவலி, பக்கவாதம், ஆட்டிசம் எல்லாவற்றையும் ஸ்டெம் செல் ஊசியால் குணமாக்குகிறோம் என்றாலும் நம்பாதீர்கள். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு அந்த ஊசிக்கே நோயாளியிடம் பணம் கேட்பது முறையல்ல.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. வாழைக்கன்றையும் குருத்தணுவையும் ஒப்பிட்டு உங்கள் பிள்ளைக்கு விளக்க முடியுமா?
2. உங்கள் வீட்டில் சுண்ணாம்பு டப்பா எங்கே இருக்கிறது? குழந்தை கைக்கு எட்டுமா?
3. கர்ப்பிணியாக இருக்கும் உறுப்பினர்களுக்கு இந்தச் செய்தியை யார் சொல்லப் போகிறீர்கள்?

பிள்ளையையும் கூட்டத்துக்கு அழைத்து வந்து இந்தப் பாடத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாவதில் உயிரியல் எடுத்த பிள்ளைக்கு நர்சிங், ஆய்வுக்கூடப் பணி, பயோடெக்னாலஜி என்று பல வழிகள் இருக்கின்றன. வேலூரில் அந்த வேலையைச் செய்கிறவர்களும் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள்தான்.