இலவச ஐடி வாங்கிய மகன் மீது வழக்கு வருமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேம் விளையாடுகிறான். டெலிகிராமில் யாரோ ஒருவர் காசு கட்டி வாங்கும் ராயல் பாஸ் உள்ள கேம் ஐடியை அவனுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார். போன வாரம் அதே ஆள் 'இலவச யூசி' (கேமுக்குள் செலவழிக்கும் காசு) என்று லிங்க் அனுப்ப, என் போனுக்கு வந்த ஓடிபியைக் கொடுத்துவிட்டான். 14,500 ரூபாய் போய்விட்டது. பணம் கிடைக்குமா? அவன் மீது வழக்கு வருமா?
- ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: இன்னும் புகார் செய்யவில்லை என்றால், அம்மா, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் ஏதாவது ஒரு வங்கிக் கணக்கில் இருக்கும்வரைதான் அதை முடக்கிவைக்க முடியும். வங்கியிலும் எழுத்துமூலம் புகார் கொடுத்து, தேதியும் நேரமும் போட்ட ஒப்புகை வாங்குங்கள்.

அந்த நேரம் ஏன் முக்கியம்? ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரே ஓடிபியைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. 'பையன்தான் கொடுத்தான், நான் இல்லை' என்ற வாதம் எடுபடுவது கடினம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மன்) போகலாம்.

எனக்குப் பணத்தைவிட அந்த ஐடிதான் கவலை தருகிறது. முன்பின் தெரியாதவர் காசு கட்டிய ஐடியைச் சும்மா தருகிறார் என்றால், அது இன்னொரு பிள்ளையிடம் பறித்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அப்படிப் பறிப்பதும் ஒரு லிங்க் அனுப்பித்தான். அதைத் தொட்டால் ஃபேஸ்புக் லாகின் போலவே ஒரு பக்கம் திறக்கும்; மேலே உள்ள முகவரியில் மட்டும் ஓரிரு எழுத்து மாறியிருக்கும். பாஸ்வேர்டைத் தட்டியதும் ஐடி கைமாறிவிடும். பிறர் பாஸ்வேர்டை நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-யின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

திருட்டு ஐடி என்று தெரியாமல் வாங்கியிருந்தால் உங்கள் மகனிடம் அந்த நோக்கம் இல்லை. 18 வயது நிரம்பாதவன் என்பதால், வழக்கே வந்தாலும் இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் இனியும் அதில் விளையாடினால் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. இன்றே லாக் அவுட் செய்யச் சொல்லுங்கள். கோபத்தில் டெலிகிராமை மட்டும் அழித்துவிடாதீர்கள். அந்த ஆளோடு நடந்த உரையாடல், அவர் அனுப்பிய லிங்க் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு கொடுங்கள். உங்கள் மகன் ஏமாற்றப்பட்டவன் என்பதற்கு அதுதான் சாட்சி.