கோப்பேங் ஆற்றுப் பக்கம் போகிறீர்களா?

ஈப்போவில் வெள்ளனப் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். கோப்பேங் அரை மணி நேரம்தான். கம்பார் ஆற்றில் ரப்பர் படகுச் சவாரியைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆனால் தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே மலையில் மழை என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம் வரப்போகிறது. சாமான்களை எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

அருகிலுள்ள தெம்புரோங் குகைக்குள் தண்ணீரில் நடப்பதென்றால் பிடிப்புள்ள சப்பாத்தும் மாற்று உடையும் தேவை.

திரும்பும்போது பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகை. அதைக் கட்டிவந்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் இறந்ததால் பாதியில் நின்ற கட்டடம். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலையும் அவசியம் பாருங்கள். தோட்டத் தமிழர்களுக்காக அவர் கட்டிக்கொடுத்தது. கூரைச் சிற்பங்களுக்கு நடுவே அவர் உருவமும் நிற்கிறது.