இரும்பு வேலிக்காலைப் பிடுங்கும் முறை

திருவனந்தபுரத்தில் பழைய மனைகள் பாகம் பிரிந்து ஐந்து சென்ட், ஆறு சென்ட் என்று சுருங்கும்போது முதலில் போவது கம்பி வேலி. அந்த இடத்தில் மதில் எழுகிறது. வேலையாட்களோ இரும்புக் கால்களை ஆட்டி ஆட்டி முறிக்கிறார்கள். அல்லது தரைமட்டத்தில் அறுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அறுத்த முனை பிறகு புல்லில் மறைந்து குழந்தைகளின் காலைக் கிழிக்கும். மதிலுக்கு வானம் தோண்டும்போதும் இடைஞ்சல்.

கடப்பாரையை எடுக்குமுன் ஒரு காரியம். வேலிக்கால்தான் பல வீடுகளில் எல்லைக்கு இருக்கும் ஒரே சாட்சி. அண்டை வீட்டாரையும் அழைத்து, வீட்டு மூலை, கிணற்றுச் சுவர் போன்ற அசையாத இடங்களிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் டேப் பிடித்து அளந்து எழுதி, இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் கேரளத்தில் டிஜிட்டல் ரீசர்வே தொடங்கிய பின் இது இன்னும் அவசியம். சர்வே கல்லை மட்டும் தொடவே கூடாது. 1961-ஆம் ஆண்டின் கேரள சர்வே எல்லைச் சட்டப்படி அது குற்றம்.

இனி வேலைக்கு வருவோம். எட்டடி நீளமுள்ள 50 மில்லிமீட்டர் ஆங்கிள் இரும்பு, 6 மில்லிமீட்டர் கனமானால், சுமார் 11 கிலோதான். ஒரு கையால் தூக்கிவிடலாம். அதுவே இரண்டடி புதைந்துவிட்டால் இருவர் சேர்ந்து இழுத்தாலும் வராது. காரணம் எடையன்று, பக்கங்களைக் கவ்விய மண்ணின் பிடி. துரு ஏற ஏற இரும்பு பருத்து அந்தப் பிடி இறுகும். ஆகவே முதலில் பிடியைத் தளர்த்த வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும்.

நம் ஊர்ச் செம்மண்ணுக்கு அடியில் வெட்டுகல். மலபாரின் அங்காடிப்புரத்தில் இதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளிவந்த நூலில் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். லத்தீனில் செங்கல் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஈரத்தில் வெட்டலாம், காற்றுப்பட்டு உலர்ந்தால் கல்லாகிவிடும். எனவே இடவப்பாதி மழை சற்று ஓய்ந்த நாட்களே இவ்வேலைக்கு உகந்தவை. கோடையானால் முதல் நாள் மாலையே காலைச் சுற்றி ஓரடி ஆழம் தோண்டி, நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வலியதுறைப் பக்கத்து மணலில் இந்தப் பாடு இல்லை.

முள்கம்பியை முன்பே தளர்த்திக் கழற்றிவிடவும். இழுவிசையோடு வெட்டினால் சாட்டைபோல் முகத்தில் அடிக்கும்.

தோண்டியபின் சுத்தியலால் காலைத் தட்டிப் பாருங்கள். தரைமட்டத்தில்தான், ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுவதால், இரும்பு அதிகம் அரிக்கும். அங்கே தட்டும்போது தகடாக உதிர்ந்தால், மேலே கட்டி இழுக்காதீர்கள். கால் முறிந்து அடிப்பாகம் உள்ளேயே தங்கிவிடும். அரித்த இடத்துக்குக் கீழே சங்கிலி கட்ட வேண்டும்.

ஆறடிக் கடப்பாரையின் நுனியைச் சங்கிலியில் கோத்து, நுனியிலிருந்து அரையடி தள்ளி ஒரு மரக்கட்டையை அடியில் வையுங்கள். மறுமுனைக்கு ஐந்தரை அடி. அதாவது 11 மடங்கு. 30 கிலோ அழுத்தினால் 330 கிலோ தூக்கும். கை ஓரடி இறங்கினால் கால் ஓர் அங்குலம்தான் ஏறும், அதனால் பொறுமை தேவை. முதல் அங்குலம்தான் கடினம். அது நகர்ந்தால் பிடி விட்டது என்று பொருள். குழாய்க் கால் என்றால் பைப் ரெஞ்சால் முறுக்கினாலே பிடி விடும். ஆங்கிளை முறுக்க முடியாது. ஜீப்பில் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். சங்கிலி அறுந்தால் ஆள் போய்விடுவான்.

சில மனைகளில் பழைய தண்டவாளமே காலாக நிற்கும். யார்டுக்கு 60 பவுண்டு ரகமானால் எட்டடிக்கு 73 கிலோ. அடியில் ஓரடிச் சதுரம், ஒன்றரையடி ஆழம் கான்கிரீட் இருந்தால் இன்னும் நூறு கிலோ. இதற்கு முக்காலி நிறுத்தி, செயின் பிளாக் மாட்டி, நேர் மேலே தூக்குவதே முறை. (ரயில்வே எல்லையில் நிற்கும் தண்டவாளத்தின் பக்கம் போகாதீர்கள். 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானது.)

குழியை ஒரே தடவையில் மூடாமல், அரையடி அரையடியாக மண் போட்டுக் கடப்பாரையின் அடிக்கட்டையால் இடித்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் துலாவர்ஷத்தில் மண் அமுங்கி, மேலே கட்டிய மதில் அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும்.