மீட்டர் ஓடுகிறது! டெலிபோன் சந்தா விதிகளும் கட்டணக் கணக்கும்

இந்தப் பாடத்தை ஒரு டெலிபோன் பில்லில் இருந்து தொடங்குகிறேன். 2001-ஆம் ஆண்டு. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் 56 கே மோடம் மாட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வழக்கமாகச் சில நூறு ரூபாய் வரும் பில் அந்த முறை மூவாயிரத்தைத் தாண்டி வந்தது. மழைக்காலத்துக்கு முன் மாடி ஒழுகலை அடைக்க அப்பா எடுத்து வைத்திருந்த பணம் அதில் போயிற்று. "இன்டர்நெட்டுக்குத்தான் தனியாப் பணம் கட்டிட்டோமே, அப்புறம் இது எதுக்குடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

டயல்-அப் காலத்தில் நமக்கு இரண்டு மீட்டர்கள் ஓடின. இன்டர்நெட் நிறுவனம் மணிக்கணக்கில் எண்ணியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் யூனிட் கணக்கில் எண்ணியது. மோடம் போடுவதும் ஒரு லோக்கல் கால்தான். 1999-க்குப் பிறகு லோக்கல் காலுக்கு 3 நிமிடத்துக்கு ஒரு யூனிட். எனவே ஒரு மணி நேரத்துக்கு 20 யூனிட். தினமும் 2 மணி நேரம் என்றால் 40 யூனிட், 60 நாளைக்கு 2,400 யூனிட். யூனிட் விலை உபயோகத்தைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். எளிமைக்காக எல்லாவற்றையும் மேல்படியான 1.20 ரூபாயில் கணக்கிட்டால் 2,880 ரூபாய். நான் ஒருநாள் காலை பத்து மணிக்கு இணைத்துவிட்டு, துண்டிக்க மறந்து மாலை ஆறு மணிக்கு வந்து பார்த்ததும் உண்டு. அந்த 8 மணி நேரம் மட்டும் 160 யூனிட், 192 ரூபாய். விண்டோஸ் 98-ல் சும்மா இருந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் வசதி இருந்தது. அதை டிக் செய்யாதது என் தவறு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எதிர்முனை எடுத்த கணமே முதல் யூனிட் விழுந்துவிடும். லைன் பிசியாக இருந்தால் காசு இல்லை. ஆனால் எதிர்முனை மோடம் எடுத்து, கீச்சென்று கத்தி, பாஸ்வேர்டு தவறு என்று துண்டித்தால் ஒரு யூனிட் போனது போனதுதான். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துப் பத்து முறை முயன்றால் அரை மணி நேரம் பேசிய கணக்கு!

எண்ணிப் பார்த்துக் காசு வாங்கும் இந்தப் பழக்கம் டெலிபோன் பிறந்தபோதே வந்ததா? இல்லை. 1877-ல் பெல் நிறுவனம் அமெரிக்காவில் இரண்டு டெலிபோன் கருவிகளை வாடகைக்கு விட்டபோது வீட்டு உபயோகத்துக்கு ஆண்டுக்கு 20 டாலர், வியாபாரத்துக்கு 40 டாலர். எக்ஸ்சேஞ்ச் எதுவும் கிடையாது, இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஒரு கம்பி, அவ்வளவே. 1878 ஜனவரி 28-ல் நியூ ஹேவன் நகரில் வியாபார ரீதியிலான முதல் எக்ஸ்சேஞ்ச் 21 சந்தாதாரர்களுடன் திறந்தது. மாதம் ஒன்றரை டாலர், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இன்றைய மொழியில் அன்லிமிடெட் பிளான்.

ஆனால் அன்லிமிடெட் என்றால் எங்கோ ஒரு மூலையில் நிபந்தனை இருக்கும் அல்லவா? அதே ஆண்டு நவம்பரில் வந்த அந்த ஊர் டைரக்டரியில் சந்தாதாரர்களுக்கு விதிகள் அச்சிட்டிருந்தார்கள். ஒரு தடவை 3 நிமிடத்துக்கு மேல் கம்பியைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது. தலைமை அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் மணிக்கு இரு முறைக்கு மேல் உபயோகிக்கக் கூடாது. ஒரே கம்பியில் பலர் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் பேசினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காசால் கட்டுப்படுத்த முடியாததை விதியால் கட்டுப்படுத்தினார்கள். 120 ஆண்டு கழித்து என் வீட்டு பில்லிலும் அதே 3 நிமிடம்! தற்செயல்தான், ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது.

சந்தாதாரர்கள் பெருகியதும் கம்பெனிகளுக்கு ஒரு விபரீதம் புரிந்தது. மற்ற வியாபாரங்களில் வாடிக்கையாளர் கூடினால் ஓர் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். டெலிபோனில் ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் பேசக் கூடியவர்கள் பெருகினார்கள், ஸ்விட்ச்போர்டும் அதில் உட்காரும் ஆபரேட்டர்களும் அதைவிட வேகமாகப் பெருகினார்கள். ஆகவே காலுக்கு இவ்வளவு என்று எண்ணத் தொடங்கினார்கள். ராச்செஸ்டர் நகரில் 1886-ல் இதைக் கொண்டுவந்தபோது சந்தாதாரர்கள் ரிசீவரைத் தொடுவதில்லை என்று ஒன்றுகூடி முடிவெடுத்து, ஏறக்குறைய 18 மாதம் டெலிபோனையே புறக்கணித்தார்கள். இறங்கி வந்தது கம்பெனிதான். நம் ஊரில் அப்படி நடந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். டெலிபோன் கிடைப்பதே அரிதாக இருந்த ஊரில் யார் அதைக் கீழே வைப்பார்கள்?

இந்தியாவுக்கு வருவோம். 1880-ல் இரண்டு ஆங்கிலேயக் கம்பெனிகள் அனுமதி கேட்டபோது, தந்தியைப் போல இதுவும் அரசின் ஏகபோகம் என்று மறுத்தார்கள். மறு ஆண்டே மனம் மாறி ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை எக்ஸ்சேஞ்சுகள் திறந்ததாக அறிவித்த நாள் 1882 ஜனவரி 28, அதாவது நியூ ஹேவனுக்குச் சரியாக 4 ஆண்டு கழித்து. கல்கத்தாவில் அப்போது 93 சந்தாதாரர்கள். இந்த மூன்று நகரங்களின் டெலிபோனை அரசு எடுத்துக்கொண்டது 1943-ல். பிரான்சில் இந்த மாற்றம் 1889-லேயே நடந்துவிட்டது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1-ல்தான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

அந்தப் பிரெஞ்சு எல்லைக்கோடுகள் நம் பில்லில் என்ன செய்தன தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை! டெலிபோன் துறைக்குத் தனி வரைபடம். புதுச்சேரிக்கு எஸ்.டி.டி. குறியீடு 0413. வடக்கே ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, ஆரோவில்லும் தமிழ்நாடு, ஆனால் இரண்டுக்கும் 0413-தான். எனவே லோக்கல் கால். காரைக்கால் நம் யூனியன் பிரதேசம், ஆனால் குறியீடு 04368. மாஹே 0490, ஏனாம் 0884. மூன்றும் எஸ்.டி.டி.! காரைக்காலில் இருக்கும் அத்தையிடம் பேச எங்கள் அம்மா எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசியது இதனால்தான். தூரத்தையும் சாலை வழியாக அளப்பதில்லை. இரண்டு கட்டண மையங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் அளப்பார்கள்.

எஸ்.டி.டி.யில் யூனிட்டின் விலை மாறாது, யூனிட் விழும் வேகம்தான் மாறும். இதைப் புரிந்துகொண்டால் பழைய பில் முழுவதும் புரிந்துவிடும். 3 விநாடிக்கு ஒரு யூனிட் விழுந்தால் நிமிடத்துக்கு 20 யூனிட், 1.20 வீதம் 24 ரூபாய். இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்றால் அதே யூனிட் 12 விநாடிக்கு ஒரு முறை விழும், நிமிடத்துக்கு 6 ரூபாய். மஞ்சள் போர்டு பூத்துகளில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் வரிசையில் நின்றதற்கு இந்த 18 ரூபாய் வித்தியாசம்தான் காரணம். எங்கள் தெரு பூத்காரர் 10.55-க்கு வருபவர்களிடம், "தம்பி, அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்று தானே சொல்வார். அவருக்குக் கமிஷன் குறையும், ஆனாலும் சொல்வார். 2002-ல் எஸ்.டி.டி. கட்டணங்கள் பெரிதும் இறங்கின. அந்த வரிசையும் கரைந்தது.

இனி விதிகள். இந்தியத் தந்திச் சட்டம் 1885-ன் கீழ் 1951-ல் வகுத்த விதிகளில் 443-ஆம் விதியைச் சந்தாதாரர்கள் பலர் அறிந்ததில்லை. கெடு நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் முன்னறிவிப்பு இல்லாமலே இணைப்பைத் துண்டிக்கலாம். அதுமட்டுமல்ல, ஒருவர் பெயரில் இரண்டு டெலிபோன் இருந்து ஒன்றுக்குப் பாக்கி வைத்தால் மற்றதையும் துண்டிக்கலாம். பில் தவறு என்று வாதாடவும் ஆதாரம் கைவசம் இருக்காது. பழைய எக்ஸ்சேஞ்சுகளில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு சிறிய எண்ணிக்கை மீட்டர் இருக்கும். அதைப் புகைப்படம் எடுத்து, முந்தைய படத்தின் எண்ணைக் கழித்து பில் போடுவார்கள். லோக்கல் கால்களுக்கு எந்த எண், எத்தனை மணி என்ற விவரமே கிடையாது. அப்பா பணத்தைக் கட்டிவிட்டு எனக்கு ஒரு நோட்டு வாங்கித் தந்தார். இணைத்த நேரம், துண்டித்த நேரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அடுத்த பில்லோடு ஒப்பிட்டேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது, என் கணக்குதான் குறைவு.

அதே சட்டத்தின் 7பி பிரிவு, தகராறு வந்தால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போகச் சொன்னது. இதைக் காட்டி 2009-ல் உச்ச நீதிமன்றம் டெலிபோன் பில் வழக்குகளுக்கு நுகர்வோர் மன்றக் கதவை மூடியது. 2022-ல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்தது. 1885 சட்டத்துக்குப் பதிலாக வந்த தொலைத்தொடர்புச் சட்டம் 2023, 2024 ஜூன் 26 முதல் படிப்படியாக அமலுக்கு வந்திருக்கிறது.

டயல்-அப் போனபின் எங்கள் வீட்டுக்கு டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. அதில் 250 ரூபாய் பிளானுக்கு மாதம் 400 எம்.பி. மட்டும். 500 ரூபாய் பிளானில் அதிகாலை 2 முதல் 8 வரை கணக்கில்லை. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டவர்களில் நானும் ஒருவன்.

இப்போது உங்கள் பிளானை எடுங்கள். வினாடிக்கு 40 மெகாபிட் வேகம், அன்லிமிடெட், ஆனால் மாதம் 3,300 ஜி.பி.க்குப் பிறகு வேகம் குறையும் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40-ஐ 8-ஆல் வகுத்தால் வினாடிக்கு 5 எம்.பி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி, ஆக 432 ஜி.பி. முழு வேகத்தில் ஓடவிட்டால் 8-ஆம் நாளிலேயே வரம்பு முடிந்துவிடும். உங்கள் வீட்டில் அவ்வளவு ஓடாது என்பதுதான் கம்பெனியின் கணக்கு. உங்கள் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, போன மாதம் எத்தனை ஜி.பி. ஓடியது என்று பாருங்கள்.