‘கணவர்’ என்று எழுதிய ஆடிட்டர்

அமெரிக்காவில் இருக்கும் என் பெரியம்மா மகள் போனில் கேட்டாள்: “நீங்க ரெண்டு பேரும் எந்த ஸ்டேட்டஸ்ல ஃபைல் பண்றீங்க?” அங்கே கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெற்றோருக்கு அது பெரிய கணக்கு. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் ஏற்பவர் ‘குடும்பத் தலைவர்’ வகையில் தாக்கல் செய்யலாம். குழந்தையை ஒருவர்தான் காட்ட முடியும். நம் ஊரில் அந்தத் தலைவலி கிடையாது. தாலி கட்டியவர்களுக்கே தனித்தனி பான், தனித்தனி ரிட்டர்ன்தான். படிவம் ‘ஸ்டேட்டஸ்’ என்று கேட்பது நீங்கள் தனிநபரா, இந்து கூட்டுக் குடும்பமா என்பதை. தனிநபர் என்று போட வேண்டியதுதான். கூட்டுக் குடும்பக் கணக்கு தொடங்கினால் வரி மிச்சம் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கல்யாணம் செய்யாமல் வாழும் நம்மைப் போன்ற இருவர் சேர்ந்து அது ஆக முடியாது.

சிக்கல் ரிட்டர்னில் இல்லை. இருவருக்கும் இடையே கைமாறும் பணத்தில் இருக்கிறது.

நான் செஞ்சியில் தனியார் பள்ளி ஆசிரியை. என் துணைவர் திருவண்ணாமலை சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மகள் மூன்றாம் வகுப்பு. தாலியும் வேண்டாம், மாலையும் வேண்டாம் என்பது இருவரும் பேசி எடுத்த முடிவு. வாடகை வீடு கிடைக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை, அது இங்கே வேண்டாம்.

2021-இல் மேல்மலையனூர் சாலையில் என் பெயரில் ஒரு மனை வாங்கினோம். அதற்காக அவர் என் வங்கிக் கணக்குக்கு 6 லட்சம் அனுப்பினார். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த ஆடிட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கல்யாணம் ஆகவில்லை என்பது உட்பட. “அது ஒண்ணும் இல்ல டீச்சர். வீட்டுக்காரர் குடுத்தா வரி கிடையாது” என்றார். ‘வீட்டுக்காரர்’ என்று அவர் சொன்னதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பணத்துக்குப் பொருந்திய 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 56(2)(x) பிரிவு சொல்வது இதுதான்: ஒரு நிதியாண்டில் பிறரிடமிருந்து ஈடில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் வந்தால், மொத்தத் தொகையும் வாங்கியவரின் வருமானம். உறவினர் கொடுத்தால் விலக்கு. உறவினர் யார் யார் என்று சட்டமே பட்டியல் போடுகிறது. கணவன், மனைவி, உடன்பிறந்தோர், பெற்றோர், பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு. கூட வாழ்பவர் இல்லை. என் மகளுக்கு அவள் அப்பா ஒரு கோடி கொடுத்தாலும் அன்பளிப்பு வரி கிடையாது. மகளின் அம்மாவுக்குக் கொடுத்தால் உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் மூன்று மலையையும் ஒரே மதில் சேர்த்துக் கட்டியிருக்கிறது எங்கள் ஊரில். வரிச் சட்டம் எங்கள் மூன்று பேருக்கு அப்படி ஒரு மதில் கட்டவில்லை.

2023-இல் நோட்டீஸ் வந்தது: மனை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? இப்போது இந்த விசாரணை எல்லாம் முகம் தெரியாமல் நடக்கிறது. விழுப்புரத்துக்குப் போய் அதிகாரி எதிரே உட்கார்ந்து நிலைமையை விளக்க முடியாது. போர்ட்டலில் ஏற்றும் எழுத்துதான் நமக்காகப் பேசும். அந்த எழுத்தில் ஆடிட்டர், என்னிடம் காட்டாமலேயே, ‘கணவர் அளித்த அன்பளிப்பு’ என்று போட்டு அனுப்பிவிட்டார். அடுத்து வந்த கேள்வி என்னவாக இருக்கும்? திருமணச் சான்றிதழ் எங்கே?

அப்போது ஆடிட்டர் சொன்ன யோசனையை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 1968 முதல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு இருக்கிறது. அண்ணா ஆட்சி கொண்டுவந்தது. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். சொந்தக்காரர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ அது செல்லும் திருமணம். “ஒரு போட்டோ, ரெண்டு சாட்சி. 2020-னு தேதி போட்டு ரிஜிஸ்டர் பண்ணிடலாம்” என்றார். எத்தனையோ பேர் போராடிப் பெற்ற சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை வரிக்குப் பொய் சொல்ல எடுக்கச் சொல்கிறார்! அதோடு, வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அதற்குரிய வரியில் 50 சதவீதம் அபராதம். பொய்த் தகவல் தந்து குறைத்தால் 200 சதவீதம். அதை அவர் சொல்லவில்லை.

நான் மறுத்ததும் உச்ச நீதிமன்றத்தை இழுத்தார். 2010-இல் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் சேர்ந்து வாழ்வதையும் ஏற்றுக்கொண்டார்களாம். அந்தத் தீர்ப்பு, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவு’ எது என்று வரையறுத்தது. பெண்ணின் பாதுகாப்புக்கான வரையறை அது, வரி விலக்குக்கு வந்ததல்ல. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தால் திருமணம் ஆனதாகவே நீதிமன்றங்கள் அனுமானிக்கும், அதைச் சொல்லி வாதாடலாம் என்று ஒரு வக்கீலும் சொன்னார். வாதாடலாம்தான். ஆனால் நாங்கள் திருமணம் செய்யவில்லை என்று ஊருக்கே சொல்லி வாழ்கிறோம். வரிக்கு மட்டும் மாற்றிச் சொல்வதா?

உண்மையை எழுதித் திருத்திய பதிலை அனுப்பினோம். கழிவு போக என் சம்பளம் 3,70,000. அதுவரை வரியே கட்டாதவள். 6 லட்சம் சேர்ந்ததும் பழைய வரி முறையில் வரி 1,10,760 ரூபாய், வட்டி தனி. சேமிப்பு நகையை அடகு வைத்துக் கட்டினேன். “ஒரு மஞ்சக் கயித்தக் கட்டியிருந்தா இந்த லட்சம் மிச்சம்டி” என்றார் என் அத்தை. கட்டியிருந்தால் வேறு கணக்கு வந்திருக்கும், அத்தை. கணவன் கொடுத்த பணத்தில் மனைவி சொத்து வாங்கினால் அதில் வரும் வாடகை கணவனின் வருமானத்தில்தான் சேரும். எங்களுக்கு அது கிடையாது.

மற்றவை சின்ன விஷயங்கள். குழந்தை பெயரில் வைப்பு நிதி இருந்தால் அதன் வட்டி பெற்றோரில் ஒருவர் கணக்கில் சேரும். பெற்றோருக்குள் திருமண பந்தம் இல்லாதபோது குழந்தையைப் பராமரிப்பவர் கணக்கில். யார் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு வருடா வருடம் மாற்றாதீர்கள். பழைய முறையில் இருப்பவர்கள் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டினார்களோ அவர் காட்டலாம். அதே முறையில், மருத்துவக் காப்பீட்டில் குழந்தைக்குக் கட்டியது கழியும், துணைக்குக் கட்டியது கழியாது. குழந்தைக்கு பான் வாங்க, அம்மா மட்டுமே பெற்றோர் என்றால் 2018 டிசம்பர் முதல் அப்பா பெயர் கட்டாயமில்லை. உயில் எழுதுங்கள், வாரிசுப் பட்டியலிலும் துணை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. அதே 6 லட்சத்தை அவர் இன்று அனுப்பியிருந்தால், வருமானமாகக் காட்டியும் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க மாட்டேன்.

அந்த மனையில் வீடு கட்டத் தொடங்கியபோது ஆடிட்டரை மாற்றினோம். இப்போது என் துணைவர் தரும் பணம் கடன். முத்திரைத் தாளில் எழுதி, வங்கி வழியாக மட்டும் வாங்கி, மாதாமாதம் உண்மையாகவே திருப்பிக் கட்டுகிறேன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதையும் சட்டம் தடுக்கிறது, கவனம். இனி மனை வாங்குபவர்கள், ஆளுக்கு எவ்வளவு போட்டார்களோ அந்தப் பங்கில் இருவர் பெயரிலும் பத்திரம் போடுங்கள். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஆடிட்டர் உங்கள் பெயரில் அனுப்பும் எந்தப் பதிலையும், அனுப்பும் முன் வாங்கி வரிவரியாகப் படியுங்கள். உறவு என்ற இடத்தில் நீங்கள் சொல்லாத சொல் இருந்தால், அவர் எதிரிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.