மலைக்கு அந்தப் பக்கம் எத்தனை தூரம்?

விடுமுறைக்குப் பாலக்காடு வந்திருந்த பேரன் தேசப்படத்தில் விரலை வைத்து, "தாத்தா, வால்பாறையும் மூணாறும் பக்கத்தில்தானே இருக்கின்றன? பறந்து போனால் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பேனா? இருவரும் கணக்குப் போட்டோம். நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

வால்பாறை: அட்சரேகை 10.33 டிகிரி, தீர்க்கரேகை 76.96 டிகிரி.
மூணாறு: அட்சரேகை 10.09, தீர்க்கரேகை 77.06.

வித்தியாசம் 0.24, 0.10. நம் பகுதியில் ஒரு டிகிரி என்பது இரு திசையிலும் ஏறக்குறைய 110 கி.மீ. ஆகவே தெற்கே 26.4 கி.மீ., கிழக்கே 11 கி.மீ. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 818. அதன் வர்க்கமூலம் சுமார் 29. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஹெலிகாப்டர் பறந்தால் 9 நிமிடம். ஏறி இறங்கும் நேரம் தனி.

(வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். லண்டனில் ஒரு டிகிரி தீர்க்கரேகை 69 கி.மீ.தான். அங்கே 110 என்று போட்டால் கணக்குத் தவறும்.)

சரி, சாலையில்? வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மீண்டும் மலை ஏற வேண்டும். ஏறக்குறைய 180 கி.மீ. ஆறு மடங்கு! இடையில் ஆனைமுடி, 2,695 மீட்டர். சுற்றிலும் காப்புக் காடு. 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வைத்தாலும், 1,000 மீட்டர் இறங்க 20 கி.மீ. பாதை வேண்டும். அதனால்தான் மலைப்பாதை வளைந்து வளைந்து போகிறது.

கனடாவின் வடபகுதியில் உள்ள இக்கலூயிட் நகருக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. அங்கே விமானக் கணக்குத்தான் பயணக் கணக்கு. நமக்கு அது ஏட்டுக் கணக்கு. அந்தக் காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் நேராக இறங்கின. பெட்டிக்குக் கிடைத்த நேர்வழி மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1986இல் வால்பாறையில் அம்மா காலமானார். மூணாறு எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கும், பாலக்காட்டில் இருந்த எனக்கும் காலையில்தான் தந்தி கிடைத்தது. ஆகாய வழியில் அவளைப் போல இரு மடங்கு தூரத்தில் இருந்த நான் பிற்பகலில் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவள் மூன்று பஸ் மாறி வந்தபோது இரவாகிவிட்டது. அடக்கம் முடிந்திருந்தது. "மலைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறாள், வர முடியாதா?" என்று பந்துக்கள் பேசினார்கள். நானும் மனதுக்குள் கோபப்பட்டேன். இந்தக் கணக்கை அன்றே போட்டிருந்தால் அந்தக் கோபம் வந்திருக்காது. பேரனோடு போட்டு முடித்த அன்றிரவே தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்து, "இப்பவாவது புரிஞ்சுதே அண்ணா" என்றாள்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உறவினர் வரத் தாமதமானால், எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு பயிற்சி: பாலக்காடு 10.78, 76.65. அங்கிருந்து மூணாறுக்கு ஆகாய தூரம் என்ன? (விடை: சுமார் 88 கி.மீ.; ஹெலிகாப்டரில் 26 நிமிடம்.)